கண்டியும் போர்க்கால ரேடியோப் பெட்டிகளும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது தமிழ் மக்களின் பழமொழி. தேர் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதனை இழுக்கும் கைகள் எத்தனை ஆயிரமாயினும், சிற்றாணி ஒன்று கழன்றுவிட்டால் அது வீதியின் நடுவே நின்றுவிடும். தேருக்குச் சொல்லப்பட்ட இவ்வுண்மை இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் பொருந்தும். கம்பியின் உதவியின்றி மனிதக் குரலை நெடுந்தூரம் கொண்டு செல்லும் ரேடியோப் பெட்டிக்கோ அது பெரிதும் பொருந்தும்.

இரண்டாம் உலகப் போரின்போது கவச வண்டிகளிலும் ஜீப் வண்டிகளிலும் பொருத்தப்பட்டிருந்த ரேடியோப் பெட்டிகளைத் தேடியெடுத்து, அவற்றை மீண்டும் பேசச் செய்யும் ஆர்வலர்கள் இன்று உலகின் பல நாடுகளிலும் இருக்கின்றனர். அப்பெட்டிகளைச் செய்த தொழிற்சாலைகள் அவற்றின் உதிரிப்பாகங்களைச் செய்வதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ஆதலின், பழுதுபட்ட பாகத்துக்கு ஈடான பாகத்தை அவர்கள் தம் கையாலேயே செய்துகொள்ள வேண்டியிருக்கின்றது. இது ஓய்வுநேரப் பொழுதுபோக்கே என்று சிலர் எண்ணலாம். ஆயினும், வரலாற்றைப் பேணுவோர் அனைவரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வியொன்று இச்சிறு தொழிலினுள் அடங்கியிருக்கின்றது. பழம்பொருளொன்றின் பாகத்தை மாற்றிப் புதிய பாகத்தை வைத்தால், அதன் பின்னும் அது பழம்பொருள்தானா? அது சொல்லும் சாட்சியம் உண்மையான சாட்சியமா?

கண்டி மாநகருக்கும் இப்பெட்டிகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பு 1944 ஆம் ஆண்டில் தொடங்கியது.

1942 ஆம் ஆண்டின் முற்பாதியில் மலாயாவும் சிங்கப்பூரும் பர்மாவும் ஒன்றன்பின் ஒன்றாக ஜப்பானியர் வசமாயின. அவ்வாண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் கொழும்பிலும், 9 ஆம் நாள் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. போர் இலங்கையின் வாசலுக்கே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கனடாவின் கியூபெக் நகரில் கூடிய நேசநாட்டுத் தலைவர்கள், தென்கிழக்காசியப் போர் முழுவதையும் ஒரே தலைமையின் கீழ்க் கொண்டுவரத் தீர்மானித்தனர். அவ்வாறு உருவான தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்துக்கு லூயி மவுண்ட்பேட்டன் பிரபு தலைவரானார். முதலில் டில்லியில் இயங்கிய அத்தலைமையகம், 1944 ஆம் ஆண்டு ஏப்ரல் மாத நடுப்பகுதியில் கண்டிக்கு இடம் மாறியது.

மகாவலி கங்கை வளைந்து சுற்றியோடும் பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. செடிகொடிகளை ஆராய்வோர் உலாவிய அப்பூங்காவில், போர்க்கால அலுவலகங்களுக்கான கொட்டகைகள் எழுந்தன. பனைவரிசைகளின் நிழலில் தேசப்படங்கள் விரிக்கப்பட்டன. பல நாட்டுச் சீருடைகள் கண்டி வீதிகளில் நடமாடின. தலதா மாளிகையும் வாவியும் சந்தையும் தம் இயல்பான வாழ்வை நடத்திக்கொண்டிருக்க, அவற்றிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இந்தியாவின் எல்லை முதல் கிழக்குக் கடல்கள் வரையிலான போரின் திட்டங்கள் தீட்டப்பட்டன. அந்நாட்களில் வட கிழக்கு இந்தியாவின் இம்பாலும் கோகிமாவும் ஜப்பானியரால் முற்றுகையிடப்பட்டிருந்தன. கண்டியிலிருந்து இம்பால் வானத்தின் வழியே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தூரம். அங்கே ஒரு குன்றின் சரிவில் நடந்த செய்தி பேராதனைப் பூங்காவை எட்டியது எவ்வாறு?

அது ஒரே பாய்ச்சலில் எட்டவில்லை, படிப்படியாகவே எட்டியது. முன்னணியில் நின்ற கவச வண்டியின் ரேடியோ, தன் படைப்பிரிவின் நிலையத்தோடு பேசியது. அந்நிலையம் தனக்கு மேலான நிலையத்தோடு பேசியது. அவ்வாறே செய்தி படிமேல் படியாக ஏறிச் சென்றது. மேலே செல்லச் செல்லக் கருவிகளும் பெரியனவாயின, சக்தியும் மிகுந்தது. ஆனால் சங்கிலியின் முதற் கண்ணி சேற்றிலும் மழையிலும் குலுங்கிக்கொண்டிருந்த வண்டியினுள் இருந்த பெட்டியே. அக்கண்ணி அறுந்தால் மேலே இருந்த பெருங் கருவிகள் யாவும் கேளாச் செவிகளாகிவிடும். போரில் ஈடுபட்டோர் பலரின் உயிர் அச்சிறு பெட்டியின் நலத்தைப் பொறுத்திருந்தது.

அப்பெட்டிகளுள் பெயர் பெற்றது பத்தொன்பதாம் இலக்க ரேடியோப் பெட்டி. இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரிலிருந்த பை என்னும் கம்பனி அதனை வடிவமைத்தது. 1941 ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவிலும், பின்னர் கனடாவிலும் அமெரிக்காவிலும் அது பல்லாயிரக் கணக்கில் செய்யப்பட்டது. கனடாவிற் செய்யப்பட்ட பெட்டிகள் பலவற்றின் முகப்பில் ஆங்கில எழுத்துகளோடு ருஷ்ய எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். அவை சோவியத் நாட்டுக்கும் அனுப்பப்பட்டமையே அதற்குக் காரணம்.

ஏறத்தாழ 18 கிலோகிராம் நிறையுள்ள அப்பெட்டியினுள் மூன்று கருவிகள் ஒருங்கே அமைந்திருந்தன. முதலாவது, 2 முதல் 8 மெகாசைக்கிள் வரையிலான சிற்றலைகளில் இயங்கி, பதினைந்து கிலோமீட்டர் அளவிலான தூரத்துக்குப் பேச உதவுவது. இரண்டாவது, மிகக் குறுகிய அலையில் இயங்கி, அருகிலுள்ள வண்டிகளோடு மட்டும் பேசுவதற்கானது. மூன்றாவது, இரைச்சல் மிகுந்த வண்டியினுள் இருந்த வீரர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கானது. இம்மூன்றையும் 15 வால்வுகள் இயக்கின. வண்டியின் 12 வோல்ட் பெட்டறியிலிருந்து வரும் மின்சாரத்தை, சுழலும் இயந்திரமொன்று ஐந்நூறு வோல்ட்டுக்கு மேலாக உயர்த்திக் கொடுத்தது. வண்டியின் மேலே நான்கு அடித் துண்டுகளாகப் பொருத்தப்பட்ட ஏரியல் கம்பு நின்றது. இதனோடு, ஜீப் வண்டியில் வைத்தும் வேண்டியபோது இறக்கிச் சுமந்தும் செல்லத்தக்க இருபத்திரண்டாம் இலக்கப் பெட்டியும் பெருவழக்கில் இருந்தது.

பகைவனுடைய குண்டு மட்டும் அப்பெட்டிகளுக்கு ஆபத்தாக இருக்கவில்லை. பர்மாக் காடுகளின் ஈரமும் பகைவனாகவே வந்தது. குளிர்நாட்டில் திருத்தமாக இயங்கிய கருவி, மழைக்காலக் காட்டில் சில வாரங்களில் ஊமையாகிவிடும். காகிதத்தாலான பாகங்கள் ஈரத்தை உறிஞ்சின. கம்பிச்சுருள்களில் பச்சைக் களிம்பு ஏறியது. உறைகளின் மேல் பூஞ்சணம் படர்ந்தது. இதனைக் கண்ட பொறியியலாளர், ஈரமும் பூஞ்சணமும் தாக்காதவாறு பாகங்களுக்கு விசேட வார்னிஷ் பூசவும், காற்றுப் புகாத உலோகக் கூடுகளில் அவற்றை அடைக்கவும் முற்பட்டனர். வெப்பநாட்டுக்கென்றே கருவிகளைப் பதப்படுத்தும் கலை இவ்வாறு விரைந்து வளர்ந்தது.

இன்று அவற்றைப் பேண விரும்புவோர் எதிர்கொள்ளும் இடரும் இதுவே. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருப்பது. ஆண்டொன்றுக்கு 1,800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுவது. குளிர்ச்சியான காற்றென்று வருவோர் புகழும் அக்காற்றிலே ஈரம் மிகுதி. ஏட்டுச் சுவடியும் வயலினும் ரேடியோவும் ஒருங்கே அஞ்ச வேண்டிய காற்று அது.

போர் 1945 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓய்ந்தது. நவம்பரில் கட்டளைப் பீடம் சிங்கப்பூருக்குச் சென்றது. பூங்காக் கொட்டகைகள் வெறுமையாயின. ஆனால், போர் விட்டுச் சென்ற ரேடியோக் கருவிகளுள் ஒரு பகுதி இலங்கை மக்களின் வாழ்வோடு நிலைத்துவிட்டது. தென்கிழக்காசியாவிற் பணியாற்றிய வீரர்களுக்காக 1944 ஆம் ஆண்டு முதல் கொழும்பிலிருந்து ரேடியோ சியக் என்னும் ஒலிபரப்பு நடைபெற்றது. அதற்காக ஏக்கலையில் 100 கிலோவாட் சக்திகொண்ட மார்க்கோனிச் சிற்றலைப் பரப்பி நிறுவப்பட்டது. 1949 ஆம் ஆண்டில் அந்நிலையம் இலங்கை அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்து, இலங்கை வானொலியின் வலிமையாயிற்று. கடல் கடந்து இந்தியாவின் ஊர்களெங்கும் தமிழ் நேயர்கள் கேட்டு மகிழ்ந்த குரல்கள், போர்வீரருக்காக நிறுவப்பட்ட கருவியின் வழியாகவே முதலில் புறப்பட்டன. 1967 ஆம் ஆண்டில் அது கூட்டுத்தாபனமாகியது. 1972 ஆம் ஆண்டில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் பெற்றது.

போர்க்கருவியின் பாகம் மக்களின் குரலாக மாறியது இலங்கையில் அதுவே முதன்முறையன்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 1921 ஆம் ஆண்டில் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்த எட்வேட் ஹாப்பர் என்பார், 1923 ஆம் ஆண்டில் கொழும்பில் பரிசோதனை ஒலிபரப்பைத் தொடங்கினார். அவருக்கென்று ஆயத்தமான பரப்பி எதுவும் கப்பலேறி வரவில்லை. முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் ரேடியோப் பாகங்களைக் கொண்டு, அத்திணைக்களத்துப் பொறியியலாளரே பரப்பியை அமைத்தனர். மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையொன்றிலிருந்து கிராமபோன் இசை பரவியது. 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள், தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்டு கொழும்பு ஒலிபரப்பு நிலையத்தை முறையாகத் தொடக்கிவைத்தார். கடலடியில் அழிவுக்காகப் பயன்பட்ட கருவி, கரையேறி இசைக்காகப் பயன்பட்டது. உள்ள பாகத்தைக் கொண்டு இல்லாத கருவியை ஆக்கிக்கொள்ளும் திறமையிலேயே இந்நாட்டு ஒலிபரப்புப் பிறந்தது எனல் மிகையாகாது.

இனி, இன்றைய ஆர்வலர்கள் பழைய வண்டி ரேடியோக்களுக்குப் பாகங்களைச் செய்யும் முறையை நோக்குவோம்.

எல்லாவற்றிலும் முதலிற் பழுதாவது கொண்டென்சர். அது மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் பாகம். இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளுக்கிடையே மெழுகோ எண்ணெயோ ஊறிய காகிதத்தை வைத்துச் சுருட்டி, தகரக் குழலில் அடைத்துச் செய்யப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காகிதம் ஈரம் குடித்து, மின்சாரத்தைக் கசியவிடும். அதன் விளைவாக வால்வும் டிரான்ஸ்போமரும் சேர்ந்து கெடும். கைதேர்ந்த ஆர்வலர் பழைய குழலை வீசிவிடுவதில்லை. அதனை இளஞ்சூட்டிற் காட்டி, மெழுகை உருக்கி, உள்ளிருக்கும் சுருளை மெல்ல வெளியே எடுப்பர். வெறுமையான குழலினுள் இக்காலத்து பிளாஸ்டிக் தகட்டுக் கொண்டென்சரை வைப்பர். அது பழையதைவிட மிகச் சிறியதாதலின் எளிதில் அடங்கும். பின்னர் மெழுகை வார்த்து மூடுவர். வெளித்தோற்றத்தில் 1943 ஆம் ஆண்டின் பாகம். உள்ளே இக்காலத்துப் பாகம்.

அடுத்தது மின்கம்பி. அக்காலத்து ரப்பர் உறை இன்று தொட்ட மாத்திரத்தில் பொடியாக உதிரும். ஐந்நூறு வோல்ட் ஓடும் கம்பியின் உறை உதிர்வது எத்தகைய ஆபத்தென்று சொல்ல வேண்டியதில்லை. எனவே, புதுக் கம்பிக்குப் பருத்தி நூலால் பின்னிய உறையைப் போர்த்தி, பழைய நிறத்தைக் கொடுத்து, பழைய பாதையிலேயே கட்டிச் செல்கின்றனர். கட்டும் முடிச்சைக்கூடப் பழைய புகைப்படத்தைப் பார்த்துப் போடுவோர் உண்டு.

சில பெட்டிகளில் பெட்டறி மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கும் அதிர்வான் என்னும் பாகம் இருந்தது. மெல்லிய நாக்கொன்று விநாடிக்கு நூறு முறையளவில் அதிர்ந்து, மின்சாரத்தைத் தொடுத்தும் விடுத்தும் செய்யும். நாக்கின் முனைகள் தேய்ந்துவிட்டால் பெட்டி ஊமை. இப்பொழுது அதே கூட்டினுள் டிரான்சிஸ்டர்களை வைத்து அவ்வேலையைச் செய்விக்கின்றனர். அது தேயாது. ஆனால் பழைய அதிர்வானின் ரீங்காரமும் அதில் இராது.

கைப்பிடிக் குமிழ்களும் முளைகளும் வேறு வகை. பேக்கலைற்றுக் குமிழ் உடைந்துபோனால், உடையாத குமிழொன்றை இரவல் பெற்று, சிலிக்கோன் ரப்பரில் அதன் அச்சை எடுத்து, பிசின் வார்த்துப் புதியதைச் செய்கின்றனர். பல முனைகள் கொண்ட மின்செருகிகளின் பித்தளை முளைகளைக் கடைசல் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கடைந்தெடுக்கின்றனர். முகப்புத் தகட்டின் எழுத்துகளை அமிலத்தால் அரித்துப் பொறிக்கின்றனர். அளவுகளைக் கணினியிற் பதித்து, முப்பரிமாண அச்சியந்திரத்தால் குமிழையும் உறையையும் ஆக்குவோரும் இன்று பெருகியுள்ளனர்.

வீட்டுப் பட்டறையில் எளிதில் ஆக்க முடியாத பாகமும் உண்டு. அதுவே வால்வு. கண்ணாடிக் குமிழினுள் காற்றை முற்றாக அகற்றி, நுண்ணிய கம்பிவலைகளை மயிரிழை பிசகாமல் நிறுத்த வேண்டும். பிரான்ஸ் நாட்டு ஆர்வலரொருவர் தம் வீட்டிலேயே எளிய வகை வால்வைச் செய்து காட்டியிருக்கின்றார். எனினும் அது அரிதினும் அரிதான திறமை. ஆகவே போர்க்காலத்தில் மிகுதியாகச் செய்து களஞ்சியங்களில் எஞ்சியவற்றையே பெரும்பாலோர் நம்பியிருக்கின்றனர். பத்தொன்பதாம் இலக்கப் பெட்டியில் இடம்பெற்ற ஈ.எப். 50 என்னும் வால்வுக்குத் தனிக் கதையே உண்டு. அது ஒல்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் கம்பனியில் உருவானது. 1940 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மானியப் படை ஒல்லாந்தினுள் புகுவதற்குச் சற்று முன்னர், அவ்வால்வுகளின் பெருந்தொகுதியொன்று பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டது. ராடார் கருவிகளும் அவற்றையே நம்பியிருந்தன. சில நாட்கள் பிந்தியிருந்தால் அத்தொகுதி பகைவர் கையில் அகப்பட்டிருக்கும். சிறு கண்ணாடிக் குமிழொன்றுக்காக நாடுகள் எவ்வளவு கவலைப்பட்டன என்பதை இதனால் அறியலாம்.

பாகம் செய்வது உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்த இடமும் உண்டு. போர்னியோத் தீவின் சண்டாக்கன் முகாமிற் சிறைவைக்கப்பட்ட அவுஸ்திரேலியப் போர்வீரர்கள், வெளியாரின் உதவியோடு பாகங்களைச் சேர்த்தும், கிடைக்காதவற்றைத் தாமே செய்தும் இரகசியமாக ரேடியோ அமைத்தனர். 1943 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அது வெளிப்பட்டது. பலர் சித்திரவதைக்குள்ளாயினர். அவர்களின் தலைவராக விளங்கிய கப்டன் லயனல் மத்தியூஸ் 1944 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். உதவிய ஊரவர் சிலரும் மரண தண்டனை பெற்றனர். செய்தி கேட்கும் உரிமைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. மலாயாவின் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரோ எந்தக் குரலையும் கேட்காமலே மாண்டனர். அவர்களின் துயரத்தை உலகுக்கு அறிவிக்க அவர்களிடம் ஒரு கருவியும் இருக்கவில்லை. ஒரு பழைய ரேடியோவின் முன் நிற்பவர், அதில் ஒலித்த குரல்களை மட்டுமன்றி, ஒலிக்காத குரல்களையும் நினைத்தல் தகும்.

மீண்டும் கண்டிக்கு வருவோம். உதிரிப்பாகத்தைக் கையாற் செய்துகொள்ளும் மரபு கண்டிச் சீமைக்குப் புதியதன்று. கண்டி மன்னர் காலத்தில் அரண்மனைக்கெனப் பட்டல் ஹத்தர எனப்பட்ட நான்கு பட்டறைகள் இருந்தன. பொன், வெள்ளி, தந்தம், இரும்பு ஆகியவற்றிற் கைவல்லோர் பரம்பரையாகப் பணியாற்றினர். அக்கலைகளை ஆராய்ந்து இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை 1908 ஆம் ஆண்டில் வெளியிட்டவர், கொழும்பிற் பிறந்த தமிழரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. இயந்திரப் பொருளின் வெள்ளத்தில் கைவினைஞனின் அறிவு அழிந்துபோவதைக் கண்டு வருந்தியவர் அவர். இன்றும் பிலிமத்தலாவையிலும் நத்தரம்பொத்தையிலும் பித்தளை வேலை நடைபெறுகின்றது. மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி அகற்றி, அவ்விடத்தில் பித்தளையை வார்க்கும் முறையும், சிலிக்கோன் அச்சிற் குமிழ் வார்க்கும் முறையும் அடிப்படையில் உறவுடையன. முந்தைய பொருளின் வடிவைப் பெற்று அடுத்த பொருளுக்கு வழங்குவதே இரண்டின் தத்துவமும்.

இயந்திர காலத்திலும் அம்மரபு தொடர்ந்தது. ஜோன் வோக்கர் என்பார் 1854 ஆம் ஆண்டு கண்டியில் தொடங்கிய பட்டறை, கோப்பித் தோட்டங்களுக்கான இயந்திரங்களைச் செய்தது. லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டு தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், கொழுந்தை உருட்டும் இயந்திரத்தைத் தாமே அமைத்துக்கொண்டார். கப்பல் வரும் வரை காத்திருந்தால் கொழுந்து வாடிவிடும். ஆகவே தோட்டத்துப் பட்டறைகளில், தமிழ்த் தொழிலாளரும் சிங்களக் கைவினைஞரும் உடைந்த பல்சக்கரத்துக்கு மாற்றுச் சக்கரம் செய்யப் பழகினர். அக்காலத்து இயந்திரங்கள் பலவற்றை அந்தனைத் தேயிலை நூதனசாலையில் இன்றும் காணலாம். கண்டிக்கு மேற்கே கடுகண்ணாவையில் 2014 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரயில்வே நூதனசாலையிலும் பழைய எஞ்சின்கள் பேணப்படுகின்றன.

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். மாற்றுப்பாகம் வைத்த பொருள் உண்மையான பழம்பொருளா?

இக்கேள்விக்கு உலகின் பேணுநர்கள் 1964 ஆம் ஆண்டில் வெனிஸ் நகரிற் கூடி ஒரு வழி வகுத்தனர். கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் கருதி எழுதப்பட்ட அச்சாசனத்தின் பன்னிரண்டாம் பிரிவு, மாற்றி வைக்கும் பகுதி முழுமையோடு இசைந்திருக்க வேண்டுமென்றும், ஆயினும் மூலத்திலிருந்து பிரித்தறியத் தக்கதாக இருக்க வேண்டுமென்றும் கூறுகின்றது. பார்ப்பவர் ஏமாறி, வரலாற்றைப் பிழையாக உணர்ந்துவிடக் கூடாது என்பதே அதன் கருத்து. கண்டி நகரும் இக்கேள்வியைத் துயரத்தோடு சந்தித்ததுண்டு. 1998 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆம் நாள் நிகழ்ந்த குண்டுவெடிப்பினால் தலதா மாளிகை சேதமுற்றபோது, கல்லிலும் மரத்திலும் வல்ல கைவினைஞர் அதனைச் செப்பனிட்டனர். புதுக் கல் வைக்காமல் மாளிகை நிற்காது. பழைய கல்லைப் போற்றாமல் அது அம்மாளிகையாகாது. இவ்விரண்டு கடமைகளுக்குமிடையேதான் செப்பனிடுவோனின் உளி நடக்க வேண்டும்.

வண்டி ரேடியோவுக்கும் அதே நெறி பொருந்தும். கொண்டென்சரின் பழைய கூட்டினுள் புதுப் பாகத்தை வைப்பது குற்றமன்று. வைத்ததை மறைப்பதே குற்றம். ஆகவே, நேர்மையுள்ள ஆர்வலர் தாம் செய்த பாகத்தின் உட்புறத்தில் ஆண்டைப் பொறிக்கின்றனர். எது பழையது, எது புதியது என்று குறிப்பேடு எழுதிப் பெட்டியோடு வைக்கின்றனர். கழற்றிய பழைய பாகத்தை உறையிலிட்டுப் பெயரெழுதிப் பாதுகாக்கின்றனர். வேண்டியபோது மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தக்கவாறு வேலை செய்கின்றனர். இதற்கு மாறாக, புதுத் தகட்டை அமிலத்தில் நனைத்துப் பழமையாக்கி, போரிற் பயன்பட்ட அசல் தகடென்று விற்போரும் உலகில் உள்ளனர். இருவரின் கைத்திறனும் ஒன்றாக இருக்கலாம். ஒருவர் வரலாற்றுக்குத் தொண்டர். மற்றவர் வரலாற்றுக்குப் பொய்ச்சாட்சி.

இதில் மற்றுமோர் உண்மையும் உண்டு. ஒரு பெட்டியைக் கண்ணாடிப் பேழையில் அசையாமல் வைத்தால் அதன் உடல் காக்கப்படும். அதனை இயக்கினாலோ, அதனை இயக்கத் தெரிந்த அறிவும் காக்கப்படும். எந்தக் குமிழை முதலில் திருப்புவது, எந்த ஒலி கேட்டால் எது பழுது என்னும் அறிவை ஏட்டில் முழுமையாக எழுத இயலாது. அது கையிலிருந்து கைக்கே செல்லும். பெட்டி பேசாமற் போனால், அவ்வறிவும் ஒரு தலைமுறையோடு பேசாமற் போய்விடும். இத்தகைய அறிவு வீண்போகாதென்பதை 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல்கோள் காட்டியது. தென்கரையில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, இலங்கையின் ரேடியோ ஆர்வலர்கள் சிற்றலைக் கருவிகளைக் கொண்டு அம்பாந்தோட்டையிலிருந்து செய்தி அனுப்பினர். பழைய கலையைப் பயின்ற கைகளே அன்று பயன்பட்டன.

எனவே, வீட்டின் மூலையிலோ தோட்டத்துக் களஞ்சியத்திலோ பழைய ரேடியோப் பெட்டியைக் கண்டெடுப்போர் சிலவற்றை மனத்திற் கொள்வது நன்று. அதனை உடனே மின்சாரத்தோடு இணைத்தலாகாது. ஈரம் குடித்த கொண்டென்சர் வெடிக்கலாம். உறை உதிர்ந்த கம்பி உயிருக்கு ஆபத்தாகலாம். பழம் இரும்பு விற்பவரிடம் நிறைக்குக் கொடுத்தலும் ஆகாது. முதலில் அது யாருடையது, எங்கிருந்து வந்தது, எந்த வண்டியில் இருந்தது என்பவற்றை வீட்டுப் பெரியோரைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். அக்குறிப்பு இல்லாத பெட்டி வெறும் உலோகம். குறிப்போடு கூடிய பெட்டி வரலாற்று ஆவணம். பின்னர் தொழில் அறிந்தவரிடம் காட்டிச் செப்பனிடலாம். பரப்பியை இயக்கிப் பேச விரும்புவோர் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியைப் பெற்றே அதனைச் செய்தல் வேண்டும்.

பேராதனைப் பூங்காவில் இன்று போரின் கொட்டகைகள் இல்லை. பள்ளி மாணவர் பனைவரிசைகளின் கீழே நடந்து செல்கின்றனர். அங்கிருந்து எழுந்த கட்டளைகள் நூல்களில் உள்ளன. ஆனால் அக்கட்டளையைச் சேற்றில் நின்று கேட்ட வீரனின் செவிக்கு அது எவ்வாறு ஒலித்தது என்பதை நூல் சொல்லாது. இரைச்சலோடும் விட்டுவிட்டும் வந்த அந்த ஒலியை, செப்பனிட்ட பெட்டியொன்றே சொல்ல வல்லது. அதனைப் பேசச் செய்வதற்கு ஒரு கொண்டென்சரும், ஒரு முழக் கம்பியும், பொய் கூறாத கைவினைஞன் ஒருவனும் வேண்டும். முதல் இரண்டையும் கடையில் வாங்கலாம். மூன்றாவதைப் பள்ளிகளும் பட்டறைகளும் சேர்ந்தே உருவாக்க வேண்டும்.